டாக்டர் அறையில் ஏற்றிய கற்பூரம்

ஓடுகிற ரயிலிலிருந்து குதிக்கச் சொன்னால்கூடக் குதித்திருப்பேன். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லச் சொன்னால் மட்டும் முடியாது. அப்படி ஒரு திக்குவாய் எனக்கு. என் பெயர் திருவேங்கடம், ஊர் திண்டிவனம். இரண்டுமே தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டால் லேசில் இறங்காது. விழுப்புரத்தில் ரயிலேறும்போது ஊர்ப் பெயரைச் சொல்லப் பயந்து, தாண்டியிருக்கிற ஒலக்கூருக்கு டிக்கெட் வாங்கி, திண்டிவனத்திலேயே இறங்கிக்கொள்வேன். (ரயில்வேக்கு என்னால் லாபம்தான்.) ஆனால் மார்கழி பஜனையில் மட்டும் கணீரென்று பாடுவேன். அது பெருமாள் கருணை.

அப்பா இல்லாத வீடு. தங்கை சரோஜாவின் நிச்சயதார்த்தத்தில் சபையில் எழுந்து, "திருவேங்கடமாகிய நான் என் தங்கையைக் கொடுக்கிறேன்" என்று நான்தான் சொல்ல வேண்டும். முன்பு வந்த ஒரு வரன், நான் வாயடைத்து நின்றதைப் பார்த்து, "அண்ணங்காரனுக்கே மனசு இல்ல போலக்குது" என்று எழுந்து போய்விட்டது. சரோஜா அவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்தாள். அதை என்னால் மறக்க முடியவில்லை. இப்போது விக்கிரவாண்டியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது.

விழுப்புரத்தில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் மனோவசிய சிகிச்சை செய்கிறார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். என் மனைவியின் தம்பி கோதண்டம் விடவில்லை.

"மாமா, மெஸ்மரிசம்னா இன்னான்னு நெனச்சீங்க? திருவிழாவுல ஒருத்தன் பண்ணப்போ பெரிய மனுசன் ஒருத்தரு நாய் மாதிரி குலைச்சாரு. நீங்களும் குலைச்சிக்கினு வந்தீங்கன்னா, அக்கா உங்களுக்குச் சோத்தை இலையில போடுமா, வாசல்ல போடுமா?"

மனைவி தனலட்சுமி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அன்று அமாவாசை. டாக்டரைப் பார்த்த கையோடு மேல்மலையனூர் போய் ஆத்தாளையும் பார்த்தாக வேண்டும். அதற்காக எலுமிச்சம்பழம், வேப்பிலை, கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் பையில் தயார். கோதண்டமும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான்.

அவர்கள் இருவரும் திரைக்கு வெளியே இருந்தார்கள். டாக்டர் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, பஜனைக் கதை உட்பட எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க தூங்க மாட்டீங்க. நான் பேசறது, தெருவுல வண்டி போறது எல்லாம் கேக்கும். இஷ்டமில்லாததை யாரும் உங்களைச் செய்ய வைக்க முடியாது. வேணாம்னு தோணினா கண்ணைத் தொறந்து எழுந்து போயிடலாம். ஒரே நாள்ல குணமாயிடும்னு சொல்ல மாட்டேன். பாடறப்ப இருக்கற பயமில்லாத மூச்சைப் பேசறப்பவும் பழக்கப் போறோம். அவ்வளவுதான்."

இதையெல்லாம் அவர் என் ஒருத்தனிடம் மட்டும் சொன்னதுதான் வினை.

கண்ணை மூடினேன். உடம்பு தளர்ந்தது. தலை சாய்ந்தது. "வலது கை பஞ்சு மாதிரி லேசாகுது, தானா மேலே போகுது" என்றார். போனது! (நான் தூக்கவில்லை, ஆத்தா சத்தியமாக.)

அந்த நேரம் பார்த்துத் தனலட்சுமி திரையை விலக்கினாள். அமாவாசையன்று ஒரு மனிதன் கண்ணை மூடி, தலை தொங்கி, கை தானாக எழும்பினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"டேய் தம்பி, ஜல்தியா வாடா! மாமா மேல ஆத்தா வந்துட்டா!"

"அம்மா, இது சிகிச்சை..." என்றார் டாக்டர்.

"சும்மாருங்க டாக்டரு! வந்தவ கோச்சிக்கினு போயிடப் போறா!"

தூக்கிய கையில் வேப்பிலை ஏறியது. டாக்டர் ஊசி வைக்கும் தட்டில் கற்பூரம் எரிந்தது. வெளியே காத்திருந்த நோயாளிகளெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். "கோச்சிக்கினு போன எம் மருமவ எப்ப தாயே திரும்பி வருவா?" என்றது ஒரு குரல். கோதண்டம் என் காலில் விழுந்து, "நாய்னு சொன்னது தப்பு தாயே, மன்னிச்சிடு!" என்று கதறினான்.

எனக்கு எல்லாம் கேட்டது. கண்ணைத் திறந்திருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சுகத்தை நான் கண்டதில்லை. திறக்க மனம் வரவில்லை.

தனலட்சுமி தட்டை என் கைக்கு அடியில் கொண்டுவந்து, அழுதுகொண்டே கேட்டாள்: "வந்திருக்கறது யாரு தாயே? எங்க வூட்டுக்காரரு சபையில வாய் தொறப்பாரா?"

"திருவேங்கடம்தான்டி வந்திருக்கேன்! திருவேங்கடம்! தட்டைத் தள்ளிப் புடி, கை வேவுது!"

தனலட்சுமி தட்டைக் கீழே வைத்தாள். "இன்னாங்க... உங்க பேரை நீங்களே சொல்லிட்டீங்க!"

டாக்டர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார். "இது வர ரொம்ப நாளாகும்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

ஆனாலும் அடுத்த முறை போய்த் திரும்பும்போது ஒலக்கூருக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். பழையபடி தொண்டை அடைத்துவிட்டது. விடாமல் போய்க்கொண்டிருந்தேன். (தனலட்சுமி உள்ளே வரலாம், தீப்பெட்டி வரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.)

நிச்சயதார்த்தம் வந்தது. எழுந்து நின்றேன். தொண்டை அடைத்தது. உள்ளே சரோஜாவின் வளையல் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. கண்ணை மூடி, பஜனை மூச்சைப் பிடித்தேன். வலது கை தானாக மேலே போனது. "திருவேங்கடமாகிய நான்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முடித்தேன். கொஞ்சம் ராகமாகத்தான் வந்தது.

கண்ணைத் திறந்தால், மாப்பிள்ளையின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிறார்! விபூதி கேட்டார். கொடுத்தேன். அந்த வீட்டார் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அன்று டாக்டர் அறைக்கு ஆத்தா வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் குரலில் வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். இப்போதும் எங்காவது வார்த்தை சிக்கிக்கொள்ளும். உடனே சரோஜா, தன் பேரப்பிள்ளைகள் முன்னாலேயே கேட்பாள்:

"இன்னாண்ணா, கற்பூரம் ஏத்தட்டுமா?"