கிறகரி கண்டுபிடித்த தீவுச் சுற்றுலா

உலகச் சுற்றுலா வரலாற்றை எழுத முற்படும் எவரும் அதை இரண்டு காலங்களாகப் பிரித்தே ஆகவேண்டும்: கிறகரிக்கு முற்பட்ட காலம், கிறகரிக்குப் பிற்பட்ட காலம். முற்பட்ட காலத்து மாந்தர் அறியாமை மிக்கவர்கள். மலை இருக்கும் இடத்துக்குப் போய் மலையைப் பார்த்தார்கள். அருவி விழும் இடத்துக்குப் போய் அருவியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அந்தோ, வெறும் வயிற்றோடு திரும்பினார்கள்.

இந்த இருளை நீக்கிய கிறகரி, மொன்றியல் நகரில் பாண் சுடும் ஒரு வெதுப்பகத்தின் மேற்பார்வையாளர். தமிழ்க் கத்தோலிக்கக் கோவிலின் பங்குச் சபைக்கு உப செயலாளர். இருபத்தேழு ஆண்டுகளாக அந்நகரில் வாழ்ந்து, வீட்டுக்கும் வெதுப்பகத்துக்கும் கோவிலுக்கும் இடையிலுள்ள தெருக்களைப் பிழையறக் கற்றவர்.

அவருக்கு ஞானம் கிட்டியது ஒரு கரீபியன் தீவில். சென்ற பெப்ரவரியில், பனி கதவளவு குவிந்துகிடந்த நாளில், மனைவி பிரியந்தியின் நச்சரிப்புத் தாங்காமல் ஏழு நாள் விடுமுறைக்குப் போயிருந்தார். விடுதிக்காரர்கள் 'தனிப்பட்ட அரைநாள் தீவுச் சுற்றுலா' ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். வெள்ளைச் சட்டை அணிந்த சாரதி ஒருவர் வந்தார். அணைந்துபோன எரிமலையைக் காட்டினார். இரண்டு குடாக்களைக் காட்டினார். சாதிக்காய்த் தோட்டமொன்றின் நடுவே நிறுத்தி மணக்கவும் விட்டார். இடையில், ஓர் ஈரப்பலா மரத்தின் பின்னால் தெரிந்த நீலக் கூரையைச் சுட்டி, அதுதான் தம்முடைய வீடு என்றார். சொன்னவர் காரை நிறுத்தவில்லை. கிறகரியின் முகம் அந்த இடத்தில் விழுந்தது. விடுதி வரும்வரை எழும்பவில்லை.

"தன்ர வீட்டு வாசலால போனவன், இறங்கி ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோ எண்டு சொன்னவனே?" என்று பின்னிருக்கையில் மனைவியிடம் முறையிட்டார்.

"அவர் எங்களுக்குத் தீவைக் காட்டத்தானே வந்தவர்," என்றார் பிரியந்தி.

"தீவெண்டா என்ன? சனந்தானே. இவன் தண்ணியைக் காட்டி ஏமாத்திப்போட்டான்."

திரும்பும் விமானத்தில், முன்னிருக்கையின் முதுகில் இருந்த சிறு திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. மொன்றியலைச் சுற்றி நாற்புறமும் நீலமாக இருந்தது. தாம் இருபத்தேழு ஆண்டுகளாக ஒரு தீவில் வாழ்ந்துவருவதைக் கிறகரி அப்போதுதான் கவனித்தார். ஒரு தீவு இருக்கிறது. ஒரு காரும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சொந்தமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? 'திருத்தியமைக்கப்பட்ட அரைநாள் தீவுச் சுற்றுலா' அந்தக் கணத்தில் உருவாயிற்று. அதன் முதலாவதும் முடிவானதுமான விதி: ஒரு வீட்டுக்குப் போனால் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும், போகாத வீடு கோபிக்கும்.

முதற் பயணியாகும் பேறு அவருடைய சொந்த அக்கா அல்போன்சம்மாவுக்கு வாய்த்தது. மன்னாரில் கருவாட்டு வியாபாரம் செய்பவர். ரொறன்ரோவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவரின் விடுமுறை முழுவதையும் அங்குள்ள வீடுகள் விழுங்கிவிட, மிஞ்சிய அரைநாளோடு ஒரு யூலைக் காலையில் மொன்றியல் பேருந்து நிலையத்தில் இறங்கினார். மாலையில் விமானம்.

"எனக்கு வேறொண்டும் வேண்டாம், தம்பி," என்றார் காரில் ஏறியதும். "ஆத்தைக் காட்டு. அதே காணும்."

காரணம் இருந்தது. முன்னொரு நாள் தொலைபேசியில் கிறகரி, தம் ஊர் ஆற்றைப்பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தார்: கடல்போல விரிந்தது, கப்பல் ஓடுவது, ஆனால் ஒரு சொட்டு உப்பில்லாதது. அல்போன்சம்மாவின் கணவர் அருமைநாதன் கடலிலேயே கிழவரானவர். அவ்வளவு பெரிய தண்ணீர் உப்பில்லாமல் இருக்காது என்பது அவருடைய தீர்ப்பு. "உன்ர தம்பி புளுகன்," என்று சொல்லிவிட்டார். என் தம்பி பொய் சொல்லமாட்டான் என்று அக்கா மறுத்துரைத்தார். வாய்ப்பேச்சு வளர்ந்து, தானே போய் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக அக்கா சபதம் செய்திருந்தார்.

"போத்தலில கொண்டுபோகப் பிளேனில விடமாட்டினமாம். அதால நாக்கில கொண்டு போறன்."

"அதுக்கென்ன அக்கா, தீவைச் சுத்தி ஆறுதானே. எங்க போனாலும் ஆறுதான். போற வழியில குணரத்தினம் அண்ணை வீட்டை ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம்."

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குணரத்தினத்தின் அடுக்குமாடி வீடு. அவர் கிறகரிக்கு உறவினர் அல்லர். ஆனால் கனடாவுக்கு வந்த புதிதில் ஓர் அறையில் ஒன்றாகக் கிடந்தவர் என்பதால் உறவினரிலும் கூடக் கோபிக்கக்கூடியவர். அவருடைய மனைவி புஷ்பராணி பொரித்த றோல்ஸும் பற்றிஸும் தட்டில் அடுக்கிவைத்துக் காத்திருந்தார். புதிதாக மாற்றிய குளியலறை முதலில் காட்டப்பட்டது. விளக்கைப் போட்டும் காட்டினார்கள், அணைத்தும் காட்டினார்கள். அடுத்து, மகளின் அரங்கேற்றக் காணொளி இடைவேளை உட்பட முழுமையாகக் காண்பிக்கப்பட்டது. அது முடிந்ததும் அகன்ற தொலைக்காட்சித் திரையில், மரங்களுக்கு நடுவே ஓர் ஆறு தானாகவே தோன்றியது.

"அந்தா ஆறு, அக்கா," என்றார் கிறகரி, கடமை தவறாத வழிகாட்டியாக.

"உது எந்த ஆறு?"

குணரத்தினம் யோசித்துப் பார்த்தார். "அது ரீவியோட வந்தது."

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியை நோக்கிக் கார் ஓடிற்று. ஓரிடத்தில், இடப்புறத்து வீடுகளின் சந்தொன்றில், வெயில் பட்டு எதுவோ மினுங்கிற்று. அல்போன்சம்மா கழுத்தைத் திருப்பினார்.

"அக்கா, அங்கால பாக்காதையுங்கோ, இஞ்சால பாருங்கோ. அந்தச் சிவப்புக் கூரை. எங்கட கோவிலுக்கு வாற ஜெசிந்தாவின்ர மருமகன் போன வருசம் வாங்கினது. ஏழு அறை."

ஏழு அறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் மினுங்கியதை ஒரு மருந்துக்கடை மறைத்துவிட்டது.

அடுத்த வீடு, காலஞ்சென்ற அண்ணனின் மகள் அனோஜினியுடையது. அவள் மாமியைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள், கோழிக்கறியுடன் சோறு போட்டாள். நிலக்கீழ் அறைக்கு இறங்கி, அங்கே பொருத்தப்பட்ட புதிய கொதிகலனையும் எல்லோரும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் தேநீர் வந்தபோது அல்போன்சம்மா மீண்டும் ஆற்றை நினைவூட்டினார்.

அனோஜினியின் கணவன் டினோஜன் சாதாரணமாகச் சொன்னான்: "மாமி, இந்த ஊரில குழாயில வாறதே ஆத்துத் தண்ணிதான். ஆத்தில இருந்து எடுத்துத்தான் வடிகட்டி விடுறாங்கள்."

கிறகரி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு பேரொளி.

"கேட்டீங்களே, அக்கா. காலமை தொடக்கம் இது எத்தினையாவது தேத்தண்ணி? நீங்கள் ஆத்தைத் தேடிப் போகேல்லை. ஆறு உங்களைத் தேடி வந்து, கோப்பையில ஏறி, சீனியும் போட்டு நிக்குது. இதைவிட ஒரு சுற்றுலாவில என்ன செய்ய ஏலும்?"

"சீனி போட்ட ஆத்தைப்பற்றி உன்ர அத்தான் கேக்கேல்லை," என்றார் அல்போன்சம்மா. "வெளிக்கிடு."

காரில் ஏறினார்கள். பிறகு அக்கா, தெருவைப் பார்த்தபடியே கேட்டார்: "தம்பி, நண்டு கொக்குக்கு ஊர் காட்டின கதை தெரியுமோ?"

"இல்லை, அக்கா. சொல்லுங்கோ."

"கடலைப் பாக்கவேணுமெண்டு குளத்தடியில இருந்து ஒரு கொக்கு வந்துதாம். நண்டு, வா காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு போய், இது என்ர சித்தப்பான்ர வளை, இது மாமின்ர வளை, இது மச்சான் புதுசாக் கிண்டினது எண்டு பின்னேரம் வரைக்கும் காட்டிச்சுதாம். கொக்கு கேட்டுதாம், கடல் எங்கை எண்டு. நண்டு சொல்லிச்சுதாம், சத்தம் கேக்குதுதானே எண்டு."

"பேந்து?"

"பேந்தென்ன. கொக்குக்கு எல்லா வளையும் தெரிஞ்சு போச்சு. பசியும் வந்திட்டுது."

கிறகரி மனம் நெகிழ்ந்து தலையாட்டினார். "நல்ல கதை, அக்கா. வந்த விருந்தாளி கடைசியில சாப்பிடாமப் போகேல்லை, பாத்தீங்களே."

அல்போன்சம்மா தம்பியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறுதி வீடு இல்-பிசாரில். அது மொன்றியலை ஒட்டிய தனிச் சிறு தீவு. ஏரி ஆறாக ஒடுங்கத் தொடங்கும் இடம். அங்கே கிறகரியின் சித்தப்பா மகன் றெக்ஸ், தண்ணீரை முதுகில் வைத்துக் கட்டிய வீடொன்றை வாங்கியிருந்தார். அதைக் கேள்விப்பட்டதும் அக்காவின் கண்கள் விரிந்தன. சுற்றுலா தன் உச்சத்தை நெருங்கிற்று.

வீட்டுக்குள் பட்டப்பகலிலும் மின்விளக்கு எரிந்தது. பின்சுவர் முழுவதும் கனத்த திரைச்சீலை. பொலித்தீன் உறை கழற்றாத சோபாவில் எல்லோரும் சரசரத்து அமர்ந்தார்கள்.

"ஆறு எங்கை, றெக்ஸ்?"

"சீலைக்குப் பின்னால, அக்கா. ஆறு தெரியுற வீடெண்டுதான் இவ்வளவு விலை. திறந்து வைச்சா வெயிலில சோபா நிறம் மங்கிப்போகும். அதால வாங்கின நாளில இருந்து மூடித்தான் வைச்சிருக்கிறன். புதுசு குலையாமல் இருக்கு."

விலை உயர்ந்த பீங்கான் கோப்பைகளை அலுமாரியில் பூட்டிவைத்துப் பிளாஸ்டிக் குவளையில் குடிக்கும் நம்மவர், ஓர் ஆற்றையும் அவ்விதமே பேணக்கூடும் என்பதை நிறுவியவர் றெக்ஸ். என் தம்பியல்லவா என்று கிறகரி பூரித்தார்.

அல்போன்சம்மா எழுந்து திரைச்சீலையை விலக்கினார். கண்ணாடிக் கதவு தெரியவில்லை. கதவை முற்றாக மறைத்து, ஆள் உயரத்தில், ஒரு பெரிய குளிர்பெட்டி உறுமிக்கொண்டு நின்றது.

"இதுக்குள்ள என்ன?"

"மீன், அக்கா. மன்னார் மீன். உங்கட பக்கத்தில இருந்து வாறது."

"எங்கட கடலைக் கொண்டந்து இந்த ஆத்துக்குக் குறுக்க வைச்சிருக்கிறாய்."

வீட்டைச் சுற்றிப் போகலாமே என்றார் அக்கா. பக்கவேலிக் கதவுப் பூட்டின் திறப்பை வீடு வாங்கிய நாளில் இருந்தே காணவில்லை என்றார் றெக்ஸ். கிறகரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, பிந்தப்போகுது. ஏயர்போட்டில லைன் பெரிசா நிக்கும். இவ்வளவும் பாத்தாச்சுத்தானே."

அல்போன்சம்மா குரலை உயர்த்தவில்லை. திரும்பி வந்து சோபாவில் அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஆத்தைப் பாக்காமல் எழும்பேல்லை. பிளேனைப் போகச் சொல்லு. என்ர தம்பி பொய்யனில்லை எண்டு அந்த மனிசனுக்குச் சொல்லவேணும்."

அன்று பிற்பகல் நிகழ்ந்தது இல்-பிசாரின் வரலாற்றில் இடம்பெறத்தக்கது. மீன் பொதிகள் இறக்கப்பட்டு, குளியல்தொட்டியில் அடுக்கப்பட்டன. றெக்ஸ் ஒருபுறமும் கிறகரி மறுபுறமும் பிடித்து, குளிர்பெட்டியை ஓர் ஆள் புகும் அளவுக்கு நகர்த்தினார்கள். பூட்டு இறுகிப்போயிருந்ததால் சமையல் எண்ணெய் விடப்பட்டது. கதவு முனகித் திறந்தது. உள்ளே ஒரு காற்று வந்தது. அந்த வீட்டுக்கு அது புதியது.

அல்போன்சம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்வெளியைக் கடந்து நேரே நடந்தார். தண்ணீர் அகலமாக, சாம்பல் நீலமாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு பாய்மரம் சாய்ந்து போயிற்று. சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் அளவுக்கு இறங்கி, கையில் அள்ளி, நாக்கை நனைத்தார். வாயை மூடி, உப்பு உண்டா என்று சுவைத்தார். பின்பு தொலைபேசியை எடுத்தார். மன்னாரில் அப்போது நள்ளிரவு கடந்து, அருமைநாதன் கடலுக்குப் போக எழும்பியிருந்தார்.

"இஞ்சேரப்பா, இறங்கி நிக்கிறன். பெரிசுதான். உப்பு ஒரு துளியும் இல்லை."

"உனக்குத் தம்பியில பட்சம். அவனிட்டக் குடு," என்றது தொலைபேசி, எல்லோருக்கும் கேட்கும்படியாக.

கிறகரி புல்வெளியின் ஓரத்தில் புதுச் சப்பாத்தோடு நின்றார். அக்காதான் கரைக்கு வந்து தொலைபேசியைக் கொடுத்தார்.

"கிறகரி, மெய்யாச் சொல்லு. இருபத்தேழு வருசம் அங்க இருக்கிறாய். எத்தினை தரம் இறங்கியிருப்பாய். தண்ணி எப்பிடி?"

கிறகரி தண்ணீரைப் பார்த்தார். அது மூன்று எட்டு வைத்தால் தொடும் தூரத்தில் இருந்தது. சப்பாத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"ஓம், அத்தான். நல்ல தண்ணி."

அல்போன்சம்மா தம்பியின் நனையாத கைகளைக் கவனித்தார். "நீ சொன்னது மெய்தான், தம்பி," என்றார் மெல்ல. "ஆனா அது உனக்கே தெரியாத மெய்."

விமானம் தவறவில்லை. நிலையத்து வாசலில் அக்கா தம்பியின் தலையைத் தடவி, "மன்னாருக்கு வா, தம்பி. கடலைக் காட்டுறன். ஒரு வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகமாட்டன்," என்றார். இவ்வளவு செய்தும் அக்கா கோபித்துவிட்டாரே என்று கிறகரி வழியெல்லாம் வருந்தினார்.

ஆனால் சீர்திருத்தவாதிகள் சோர்வதில்லை. சென்ற மாதம் லண்டனிலிருந்து பிரியந்தியின் தமையன் வந்தபோது சுற்றுலா மேலும் செழுமை பெற்றிருந்தது. றெக்ஸ் வீட்டில் திரைச்சீலையைக் கிறகரி தம் கையாலேயே விலக்கினார். குளிர்பெட்டி பழைய இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் நுளம்பு வந்து கடிக்கிறதாம்.

"இந்த இடத்தாலதான் எங்கட அக்கா போய் ஆத்தைப் பாத்தவ," என்றார் கிறகரி.

"அப்ப ஆறு எங்கை, மச்சான்?"

கிறகரி குளிர்பெட்டியின் முதுகில் அன்போடு தட்டினார். "இதுக்குப் பின்னாலதான். அது எங்க போகப்போகுது? ஆறுதலா ஒரு நாளைக்குப் பாக்கலாம். முதல் றோல்ஸை எடுங்கோ."

ஆறு எங்கும் போகாது என்றதுதான் அந்த மகத்தான வழிகாட்டி தம் வாழ்நாளில் சொன்ன ஒரே பிழை. பொலித்தீன் சரசரக்க அவர்கள் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், அந்த வீட்டில் எங்கோ போய்க்கொண்டிருந்தது ஆறு மட்டுமே.