தீட்டாத குளிசை

தீட்டாத சிவப்பரிசியில்தான் சத்து என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அண்ணையின் கலியாணத்தில் என் மானம் போகப் பார்த்ததற்கு அந்த அரிசிதான் காரணம். (என் மண்டைக்கும் கொஞ்சம் பங்குண்டு.)

எண்பதுகளின் நடுப்பகுதி, கொக்குவில். ஊரடங்குச் சட்டத்தால் இரண்டு தரம் தள்ளிப்போன கலியாணத்துக்கு மறுபடி குறித்த நாள், சொல்லி வைத்ததுபோல என் மாதவிலக்கு நாளில் வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கைதான் தோழி. தாலி கட்டும்போது பொம்பிளையின் பின்னலைத் தூக்கிப் பிடிக்கிற உரிமை அவளுடையது. ஆனால் துடக்கென்றால் (புத்தகத் தமிழில் தீட்டு) மணவறைப் பக்கமே போகக்கூடாது.

"நீ யோசியாதை. சுகந்தியை நிக்கச் சொல்லுவம்," என்றார் அம்மா.

சுகந்தி மாமாவின் மகள். அதற்குள் சேலையை அயன் பண்ணியும் வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பது ஒரேயொரு அண்ணை. செத்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை (மாத்திரை) போடுபவர். அதைப் போட்டால் நாள் தள்ளிப்போகுமாம். கேட்டதும் ஒரு அட்டையை வேலிக்கு மேலால் நீட்டினார். வெள்ளைக் குளிசைகள், கடைசி வரிசை மட்டும் மண்ணிறம்.

"ஆருக்கும் மூச்சு விடாதை. வெள்ளையைத்தான்..." என்று தொடங்க, அவருடைய மாமியார் வந்துவிட்டார். மிச்ச விளக்கம் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

வெள்ளை என் வயிற்றைப் பிரட்டி எடுத்தது. கிணற்றடியில் நின்று ஓங்காளித்தேன். கலியாணமாகாத பெட்டை விடியக் காலமை ஓங்காளித்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

"என்னடி இது?"

"நேற்றுத் திண்ட மீன், அம்மா."

"நேற்று வெள்ளிக்கிழமை. ஆரடி மீன் காய்ச்சினது?"

அந்தப் பார்வையை இன்னொரு நாள் தாங்கியிருக்க மாட்டேன். வெள்ளையை நிறுத்தி மண்ணிறத்துக்கு மாறினேன். சிவப்பரிசி மாதிரி இதுவும் தீட்டாத குளிசை, சத்துக் கூடியது என்பது என் விஞ்ஞானம். ஓங்காளமும் நின்றது. (அது வெறும் இரும்புச்சத்துக் குளிசை, வெள்ளையை நிறுத்தினால் சில நாளில் இரத்தம் போகும் என்பதெல்லாம் பிறகு வந்த ஞானம்.)

கலியாண நாள். ஐயர் தாலியை எடுத்து அண்ணையிடம் கொடுக்கிறார். நான் பொம்பிளைக்குப் பின்னால், பின்னலில் கை வைத்தபடி. அந்த நேரம் பார்த்துத்தான் தெரிந்தது, வந்துவிட்டது என்று.

சுகந்திக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் என் வீம்பால் அண்ணையின் வாழ்க்கைக்கு ஏதும் வந்தால்? பொம்பிளையின் காதருகே குனிந்தேன்.

"மச்சாள், எனக்குத் துடக்கு வந்திட்டுது. சுகந்தியைக் கூப்பிடட்டோ?"

குனிந்த தலை நிமிரவில்லை.

"பேசாமல் பின்னலைப் பிடியுங்கோ. எனக்கு விடியவே வந்திட்டுது. நாள் தள்ளிப்போகக் குளிசை போட்டனான், இடையிலை மறந்துபோனன்."

கெட்டிமேளம் கொட்டியது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் நான் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டிருக்கும். பின்னலை மட்டும் விடவில்லை.

பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபின், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மச்சாள் அதைப் போட்டுடைத்தார்; நானும் மண்ணிறக் குளிசைக் கதையை ஒப்புக்கொண்டேன். அம்மா தலையில் கை வைத்தார்.

"ஐயோ, ரெண்டு பேருமோ! சுகந்தியை எண்டாலும் நிப்பாட்டியிருக்கலாமே!"

"சுகந்தி நிண்டிருந்தால் நான் ஆருக்குச் சொல்லியிருப்பன், மாமி?" என்றார் மச்சாள்.

அண்ணை இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சிவப்பரிசிச் சோறு மேசைக்கு வரும்போதெல்லாம்:

"உவளுக்கு வெள்ளைச் சோறு போடுங்கோ. என்ரை கலியாணத்துக்கே தீட்டாததைத் திண்டு தீட்டோடை நிண்டவள்!"