பக்க மாமாவும் நடுப்பக்கத்துப் பின்னும்

மும்பை மாட்டுங்காவில் யார் தப்பு செய்தாலும் அதற்காக வெட்கப்படும் பொறுப்பைப் பக்க மாமா ஒருவரே எடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் பாடகருக்குச் சுருதி விலகினால் கீழே இவர் தலை குனிவார். கேன்டீனில் யாரோ பஜ்ஜித் தட்டைக் கீழே போட்டால் இவர் காது சிவக்கும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் தாளத்தைக் கோட்டைவிட்டால், அவர் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருப்பார், இவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எங்கள் சபா மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சங்கீதப் பத்திரிகை போடுகிறது. எந்தக் கட்டுரை எந்தப் பக்கம், எந்தப் படம் எங்கே என்று தீர்மானிக்கிறவர் இவர். அதனால்தான் பக்க மாமா. சொந்தப் பெயர் சபாவில் யாருக்கும் நினைவில்லை. என்னை ஆசிரியராகப் போட்டது என் சங்கீத ஞானத்துக்காக அல்ல. கமிட்டி மெம்பர்களின் வாரிசுகளில் தமிழை எழுத்துக் கூட்டாமல் படிப்பவள் நான் ஒருத்திதான்.

முதல் கூட்டத்துக்குத் துணிப்பையோடு வந்தார். வெள்ளைத் தாள்களைப் புத்தகம் போல மடித்து, படங்களைக் கத்தரித்து ஒட்டி, வரப்போகிற இதழுக்கு ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார். டம்மி என்பார்கள். அதை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். திடீரென்று முகம் சிவந்து, கடம் வாசிக்கும் பெரியவரின் படத்தை அவசர அவசரமாகப் பிய்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"புஸ்தகத்தை மூடினா என்ன ஆகும்னு பாரும்மா. இந்தப் பக்கம் இவர். எதிர்ப்பக்கம் அந்த வயலின் பொண்ணு. ராத்திரி பூரா மூஞ்சியோட மூஞ்சி. அவளுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்கூட ஆகலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடக்காரர் படத்துக்கு எதிரே பிரஷர் குக்கர் விளம்பரத்தை வைத்தார். யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை என்று அவருக்கு நிம்மதி. கடக்காரர் அப்படி நினைக்கவில்லை என்பது இதழ் வெளிவந்த அன்று காலை எனக்கு வந்த போனில் தெரிந்தது.

மாமாவின் டம்மியைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவள் ஐரோலியில் இருக்கும் பிராச்சி. மராத்திப் பெண், கெட்டிக்காரி, தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. படத்தில் இருக்கும் முகம் பக்கத்தின் உள்ளே பார்க்க வேண்டும் என்பது மாமாவின் சட்டம். வெளியே பார்த்தால், போகிறவர் வருகிறவரையெல்லாம் வேடிக்கை பார்க்கிற மாதிரி இருக்குமாம். வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயலின் வித்வானை பிராச்சி அப்படியே இடவலமாகத் திருப்பி வைத்துவிட்டாள். வலது கையில் இருந்த வில் இடது கைக்குப் போய்விட்டது.

புரூஃபிலேயே மாமா பிடித்துவிட்டார், சரியும் செய்தாயிற்று. வேறு யாராக இருந்தாலும் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாமா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வித்வான் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். ஆசிரியர் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அச்சில் வராத தப்பு அவருக்கு எப்படி மாமா தெரியும் என்று வழியெல்லாம் கேட்டேன். "நமக்குத் தெரியுமேம்மா" என்றார்.

வித்வான் பழத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். விஷயம் புரிந்த பிறகு எங்களை நிற்க வைத்துத் திட்டினார். நான் ஷோகேஸில் இருந்த பொம்மைகளைப் பார்த்தபடி நின்றேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது. நடக்காத தப்புக்கு யாராவது சாரி சொல்வார்களா என்று பிராச்சி போனில் ஹிந்தியில் கேட்டாள். மாமா மட்டும் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டவர் போல வீட்டுக்குப் போனார்.

இப்படி ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்கிறவர் செம்பூர் பக்கம் மட்டும் வரமாட்டார். நான் இருப்பதே செம்பூரில்தான், எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். மான்குர்தில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு அவர் போகிற ரயிலில் ஒருநாள் நானும் இருந்தேன். செம்பூர் ஸ்டேஷன் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து நான் சத்தம் போடாமல் இறங்கிவிட்டேன்.

காரணம் ஆண்டு விழா மலர் வேலையின்போதுதான் தெரிந்தது. கோமதி, ராஜி என்ற அக்கா தங்கை முன்பு எங்கள் சபாவில் சேர்ந்து பாடியவர்கள். பிறகு பிரிந்து, அக்கா தாணேயிலும் தங்கை செம்பூரிலுமாகத் தனித்தனியே பாடிக்கொண்டிருந்தார்கள். விழாவில் இருவரும் மறுபடி சேர்ந்து பாடப்போகிறார்கள், மலரின் நடுப்பக்கம் அவர்களுக்குத்தான் என்று செயலாளர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம். மாமா டம்மியை என்னிடம் நீட்டினார்.

"இனிமே என்னால முடியாதும்மா. நான் வரேன்."

பூக்கடை வரைக்கும் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்தேன். கடை வாசலில் நின்றபடியே சொன்னார். வருஷங்களுக்கு முன்னால் அந்தச் சகோதரிகளின் படத்தை நடுப்பக்கத்தில், இரண்டு பக்கத்துக்குமாக விரித்துப் போட்டிருக்கிறார். இதழைக் கோக்கும் ஸ்டேப்ளர் பின் மடிப்பில் இறங்கியபோது நேராக ராஜியின் மூக்கில் இறங்கிவிட்டது.

"மூக்குத்தி போட்டுண்டிருக்கற பக்கம்கூட இல்லைம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் போய்விட்டது.

அந்த இதழுக்குப் பிறகு அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடவில்லை. மூக்கில் பின்னைக் குத்தினால் அவள் எப்படிப் பாடுவாள் என்று செயலாளர் கேன்டீனில் சொன்னதை இவர் கேட்டிருக்கிறார். ஒரு நல்ல ஜோடியைப் பிரித்த பாவி தான்தான் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டார்.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். "நானா? அப்படியா சொன்னேன்?" என்று சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்லியிருப்பார், மறந்தும் போயிருக்கிறார். ஒரு மனுஷர் அதை இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், எங்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா போய்விட்டால் பத்திரிகை நின்றுவிடாது, பிராச்சி பார்த்துக்கொள்வாள். ஆனால் வெட்கத்தில் அவர் சபாவுக்கே வராமல் போய்விடுவார். மனைவி போன பிறகு அவருக்குப் போக வேறு இடம் கிடையாது.

மறுநாள் அவரையும் வாழைப்பழத்தையும் டாக்ஸியில் ஏற்றினேன். செம்பூர் வந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். கையைப் பிடித்துத்தான் ராஜி வீட்டு மாடிக்கு ஏற்றினேன். கதவு திறந்ததுமே, உட்காரக்கூட இல்லை, பின், மூக்கு, மன்னிப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ராஜி மாமி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன்.

"அதனாலயா? ஐயோ மாமா, அந்தப் போட்டோ எடுக்கறச்சயே நாங்க பேசிக்கலை. ரெண்டு பேரும் அரக்குப் புடவை கட்டிக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். அவ மயில்கழுத்துல வந்து நிக்கறா. அங்க ஆரம்பிச்ச சண்டை. அவ மூஞ்சியைப் பாக்க வேண்டாம்னு அந்த புக்கை நான் பிரிக்கவே இல்லை."

காபி கலக்கிறேன் என்று மாமி உள்ளே போனார். மாமா எழுந்து வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பாரம் இறங்கிய சந்தோஷத்தில் இருப்பார் என்றுதான் நினைத்தேன். டாக்ஸியில் அவர் எதையோ பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார். "அப்போ இத்தனை நாளா நான் எதுக்கும்மா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. இவரை இப்படி ஆக்கவா கூட்டிக்கொண்டு வந்தேன் என்று என்மீதே கோபம் வந்தது.

சயான் சிக்னலில் வண்டி நின்றது. மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். காது சிவந்திருந்தது.

"காப்பி கலக்கப் போனாளே. நான் பாட்டுக்கு எழுந்து வந்துட்டேனே. என்ன நெனச்சுப்பா?"

எனக்கு உயிர் வந்தது. "பையா, வாபஸ் லே லோ" என்று டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மாமி காபியைத் திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்தார். மாமா நாலு முறை மன்னிப்புக் கேட்டுக் குடித்தார். பிறகு நான் பையில் எடுத்து வந்திருந்த டம்மியை வாங்கி, நடுப்பக்கத்தைப் பிரித்தார். அக்காவை இந்தப் பக்கமும் தங்கையை அந்தப் பக்கமும் வைத்தார். பின் குத்துகிற மடிப்பை வெறுமனே விட்டார். மூடினால் இருவரும் கன்னத்தோடு கன்னம். மாமி அதை மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போன் போட்டு, விழாவுக்கு என்ன கலர் என்று கேட்டார். மலர் அப்படியேதான் வந்தது.

உங்கள் பத்திரிகைக்கு இந்தக் கட்டுரையோடு மாமாவின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். கொடுப்பதற்குள் அப்படி நெளிந்தார். இந்த இதழின் பக்கங்களை அமைக்கிறவருக்கு ஒரு வேண்டுகோள். பின் அவர்மேல் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் யாரைப் போட்டாலும் நல்ல மனுஷராகப் பார்த்துப் போடுங்கள். ராத்திரி பூரா என் மாமா அந்த முகத்தோடுதான் இருக்க வேண்டும்.