மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார்

அரைகுறையாகப் படித்தவன் செய்கிற வேலையைவிட அவன் சொல்கிற புத்திமதிதான் ஆபத்தானது. வேறு யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஹட்டன் டவுனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அதே வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். (ஆறு மாசமே அதிகம்னு நெனச்ச காலம்.) அப்போதுதான் தங்கச்சி மலருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூத்த அக்கா செல்வி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட, மலரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆனால் எஜமானி லீவு தரவில்லை. கல்யாணத்தன்று மூன்று மணி நேரம் வெளியே போய் வரலாம் என்றாளாம், அவ்வளவுதான்.

நான் விடுவேனா? இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தயாரித்தேன். மண்டபத்தில் நடப்பதை நான் எழுதினால் அது ஓர் இலவச சேர்வருக்குப் போகும். குவைத்தில் ஓர் இன்டர்நெட் கடையில் அக்கா திறந்து வைத்திருக்கும் பக்கம், பத்து விநாடிக்கு ஒருதரம் சேர்வரிடம் "புதுசா ஏதும் இருக்கா?" என்று தானே கேட்டு வாங்கிக் காட்டும். தமிழ் எழுத்து அங்கே தெரிகிறதா என்றுகூட முந்தின வாரமே பார்த்துவிட்டேன்.

"எதையும் தொடாதக்கா. மவுஸ் பக்கமே கை போகக் கூடாது. அது தானா மாறும்" என்று போனில் கட்டளையிட்டேன். ரிஃப்ரெஷ் பட்டனை அமுக்குவதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் வேலை என்பது அன்றைய என் கொள்கை.

கல்யாண நாள். மண்டபத்துக்கு எதிரே இருந்த வகுப்பில் நான் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். மண்டபத்துக்குள் நண்பன் சிவா, காதில் போனோடு. வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டிய மைத்துனன் நான். அதைப் பெரியப்பா மகன் போட்டான்.

"மாப்ள கார் திரும்பிருச்சுடா!" என்றான் சிவா.

"மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார்" என்று எழுதினேன். பிறகு மாலை, மணவறை, கூறைச்சேலை என்று ஒன்றையும் விடவில்லை. "தாலி கட்டியாயிற்று" என்று எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இந்நேரம் அக்காவும் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்திக்குப் போனேன். அங்கே மாப்பிள்ளையின் அம்மா ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாகத் திணறிக்கொண்டிருந்தார். அக்கா போட்ட சத்தம் மூன்று இலை தள்ளிக் கேட்டது.

"எங்க ஒங்க மகன்?"

"இந்தா, பந்தியில சாப்புட்டுக்கிட்டு இருக்காம்மா."

"எங்க புள்ளைய மணவறையில காக்க வச்சிட்டு அவருக்குச் சாப்பாடு கேக்குதோ?"

"அவளும் பக்கத்துலதாம்மா சாப்புடுறா!"

"அது எவ?"

பந்தியே கை நிறுத்திப் பார்த்தது. மலர் எட்டிப் போனை வாங்கினாள். "அக்கா, நாந்தான். தாலி ஏறிருச்சுக்கா."

அந்தப் பக்கமிருந்து மெதுவாக, "எப்ப?"

நடந்தது இதுதான். அந்த இலவச சேர்வர் ஒரே ஒருதரம் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறது. பதில் வராவிட்டால் மறுபடி கேள் என்று நான் எழுதியிருக்கவில்லை. ஒரு விசேஷத்துக்குச் சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் வாசல் மிதிக்காத எங்கள் பெரியப்பா மாதிரி, அக்காவின் பக்கம் அதன்பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டது. கடைசியாக வந்த வரி மட்டும் அசையாமல் நின்றது: "மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார்."

என் போன் முழுக்க சிவாவோடு. அம்மாவின் போன் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில். அக்காவுக்குக் கிடைத்தது சம்பந்தியம்மா ஒருத்தர்தான். ரிஃப்ரெஷ்ஷை ஒருதரம் அமுக்கியிருந்தால் எல்லாம் வந்திருக்கும். கடைக்காரர் அமுக்க வந்தாராம். "தம்பி தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்" என்று அவர் கையைத் தட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

மறுவாரம் போன் எடுத்தவள் திட்டவில்லை. "பட்டுச் சேல கட்டிக்கிட்டுப் போனேன்டா தம்பி, கருப்பு அங்கிக்கு உள்ள" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம். தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியதை நானும்தான் பார்க்கவில்லை, எதிர் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு.

இப்போதும் எங்கள் வீட்டில் பஸ் பிந்தினாலும் சோறு பிந்தினாலும், "மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார்" என்று முதலில் சொல்பவர் அந்த மாப்பிள்ளையேதான். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

அக்கா ஊருக்கே வந்துவிட்டாள். போன வருடம் மலர் மகளின் பரதநாட்டியத்தைப் போனில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி படம் அப்படியே நின்றது.

"கொஞ்சம் பொறுக்கா, தானா வரும்" என்றேன், வாய் சும்மா இராமல்.

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ சும்மா இரு. நானே தொட்டுக்கிறேன்."