தோட்டத்துக்காரி போட்ட காப்பி

“உங்க தோட்டத்துக் காப்பியை நீங்க வீட்டுல எப்படிப் போட்டுக் குடிப்பீங்க?”

போன அறுவடையின்போது, காப்பியைக் குடித்துப் பார்த்துச் சரக்கு வாங்குகிற ருசிக்காரர் கேட்ட கேள்வி. தங்கச்சி சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். “கொஞ்சம் கெட்டியா சார்” என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் யாரும் காப்பி குடித்ததே கிடையாது. விற்கிற சரக்கில் வாய் வைக்கக் கூடாது என்பது அப்பா காலத்துச் சட்டம். செக்கச்செவேலென்று பழுத்ததை மட்டும் பறிப்பார்கள். வலைக்கட்டிலில் பரப்பி, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி கையால் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள். தோல் நீக்கிப் பச்சைக் கொட்டையாகவே மூட்டை கட்டுவார்கள். அப்புறம் உள்ளே போய் டீ குடிப்பார்கள்.

இன்று காலை அவரிடமிருந்து போன். “மதியத்துக்குள்ள வந்துடுவேன். இந்தத் தடவை உங்க வீட்டுக் காப்பி. அதைக் குடிச்சுட்டுத்தான் சரக்கைப் பத்திப் பேச்சு.”

அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். “அவர் வேணாம்னுட்டா மேல் சரிவுல ஒரு செடி நிக்காது. பிடுங்கிப் போட்டுட்டு பட்டர் ஃப்ரூட் வைக்கப்போறேன்.”

மேல் சரிவில் நாற்று முதல் நிழல் மரம் வரை தங்கச்சி வைத்தது. அவளே அடுப்படிக்குப் போனாள்.

வாணலியில் கொட்டையை வறுத்தாள். ஜீப் வருகிறதா என்று ஜன்னலுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் கரி.

அண்ணி இருமிக்கொண்டே வந்தாள். “ஏண்டி, வீட்டைக் கொளுத்துறதுன்னா சொல்லிட்டுக் கொளுத்து. நான் வெளிய போயிடுறேன்.”

அடுத்ததைப் பயந்துபோய் அரைகுறையாக இறக்கினாள். அதைப் போட்டு அரைத்ததும் மிக்ஸி கல்லை விழுங்கினாற்போல ஒரு கத்துக் கத்திவிட்டுப் படுத்துவிட்டது.

“விடு, கடையில தூள் வாங்கிட்டு வரேன்.”

“ஐயோ அண்ணி, கண்டுபிடிச்சிடுவாரு!”

“கரியைக் குடுத்தா மட்டும் கண்டுபிடிக்க மாட்டாரா?”

அண்ணி வாங்கிவந்த பொட்டலம் சோப்பு அலமாரியில் வெகுகாலம் குடியிருந்ததுபோலும். கொதிக்கக் கொதிக்கத் துணி துவைக்கிற வாசனை. அதை மறைக்கத் தங்கச்சி ஒரு துண்டு பட்டையைப் போட்டாள். இப்போது பட்டை போட்ட சோப்பு மணத்தது.

வாசலில் ஜீப் நின்றது. ருசிக்காரர் மட்டும் உள்ளே வந்தார். மலை வளைவுகளில் தலைசுற்றிப்போன அவர் மனைவி, வெளிக் குழாயடியில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

“அவளும் வந்துடட்டுமே,” என்றார் அவர்.

“ஆறிடும் சார்,” என்று அண்ணன் டம்ளரைக் கையிலேயே திணித்தான்.

அவர் குழாயடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வேறு வழியில்லாமல் உறிஞ்சினார். கண்ணை மூடினார். தங்கச்சி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆரஞ்சு,” என்றார்.

அண்ணிக்கு வாய் பிளந்தது.

“பின்னாடியே… தேன்.”

“தேனா?” என்றாள் அண்ணி. தங்கச்சி அவள் கையைக் கிள்ளினாள்.

“மேல் சரிவுக் கொட்டைக்குத்தான் இந்த ருசி வரும். தம்பி, அங்க பிடுங்கப்போறதா போன்ல சொன்னீங்களே, ஒரு செடியைத் தொட்டுடாதீங்க. மொத்தச் சரக்கும் எனக்கு.”

சொன்னதோடு நிற்காமல், வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்கெல்லாம், குத்தினால் வியாபாரம் முடிந்தது என்கிற தன் முத்திரையைக் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தங்கச்சி அப்போதுதான் கதவை விட்டாள்.

முகத்தைத் துடைத்தபடி அவர் மனைவி உள்ளே வந்தார். மிச்சமிருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

“என்னங்க இது, சோப்புத் தண்ணி! உங்க மூக்கு செத்து மூணு வருசமாச்சு. நான் குடிச்சுப் பார்த்து மேசைக்கடியில காலை மிதிச்சு சைகை காட்டுறதுக்குள்ள, உங்களை யாரு ருசி சொல்லச் சொன்னது?”

அவர் மனைவியைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி தரையைப் பார்த்தாள்.

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, முத்திரை குத்திய மூட்டைகளில் ஒன்றைக்கூட வேண்டாமென்று சொல்ல முடியாமல் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினார் அவர்.