மாதிரிக் கணவர்

"கிர்ர்ர்ர்..."

இருட்டிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மடியில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

"என்னங்க, அந்தச் சத்தம்..."

"எந்தச் சத்தம்?" என்றார் கணக்கர், செய்தித்தாளுக்குள்ளிருந்து.

"யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி."

"நான் இல்லை."

"நீங்க இல்லைங்க. கதவு!"

கணக்கர் எட்டிப் பார்த்தார். பெரிய மனிதர் யாரோ வருவது போல, கதவு மெதுவாக, மிகுந்த மரியாதையோடு தானே திறந்துகொண்டிருந்தது. வந்தது மாடிப்படிக் காற்று. அதுவும் அழைப்பில்லாமல்.

கிளை அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை, புது முறை கற்றுக்கொள்ளட்டும் என்று ஆறு மாதத்துக்குப் பெருநகரத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அலுவலகம் கொடுத்த படி குறைவு. அதனால் வீட்டுக்கு ஏற வேண்டிய படி அதிகம். கட்டடத்தின் உச்சியில், கீழ்க் கடைக்காரர் முன்பு அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறை அது. அட்டைப்பெட்டிகள் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள்.

"உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுடலாங்க."

"ஆறு மாசத்துல காலி பண்ற வீட்டுக்கா? அடுத்து வர்றவன் நிம்மதியாத் தூங்கறதுக்கு நான் எதுக்குச் செலவு பண்ணணும்?"

"குழந்தை தவழ ஆரம்பிச்சாச்சு. கதவைத் தாண்டினா படிக்கட்டு. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து நான் கண்ணை மூடலை."

"மூடாதே. பெரிய ஊர். பார்க்க எவ்வளவோ இருக்கு."

பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தார். ஊருக்குக் கிளம்புகிற பெட்டி போல அது கதவோடு நகர்ந்தது. "நானே தாழ்ப்பாள்!" என்று முழங்கிவிட்டு மறுநாள் அவரே குறுக்கே படுத்தார். விடிந்தபோது பாதிக் கணக்கர் அறைக்குள் இருந்தார். மீதி, மாடிப்படிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பால் போடுகிறவர் பால் பாக்கெட்டை அவர் வயிற்றின் மேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மனைவி வந்து பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

கணக்கருக்கோ வேறு கவலை. நகரத்துக்கு வந்த அன்றே அவர் ஒரு சபதம் எடுத்திருந்தார். இந்த நகரத்தை ஒரு மூலை விடாமல் அனுபவிக்க வேண்டும். ஆனால் அனுபவிப்பது நகரத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் காசு கேட்கும். எனவே குடும்பத்தோடு நாற்காலிக் கடைக்குப் போய், விலை விசாரிக்கும் பாவனையில் மாலை முழுவதும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கட்டடங்களில் லிப்டில் ஏறினார்கள், இறங்கினார்கள், குழந்தைக்கு ஆசை தீரவில்லை என்று மறுபடி ஏறினார்கள். குழந்தை தூங்கிப் போயிருந்தது. ஆசை தீராதவர் கணக்கர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை வீசிவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"கிளம்பு! வீடு பார்க்கப் போறோம்."

"தாழ்ப்பாள் இருக்கிற வீடா?" மனைவியின் முகம் மலர்ந்தது.

"அட, குடியிருக்க இல்லை. புதுசா அடுக்குமாடி கட்டறாங்க. அதுல ஒரு மாதிரி வீடு ஜோடிச்சு வச்சிருக்காங்களாம். பார்க்க வர்றவங்களுக்கு வாசல்லேருந்தே கார். காருக்குள்ள ஏசி. போய் இறங்கினதும் ஜூஸ். எல்லாம் சும்மா!"

"வாங்கறதா இல்லாம எப்படிங்க போறது? பொய் ஆயிடாதா?"

"'வீடு பார்க்க வாங்க'ன்னு போட்டிருக்கான். 'பார்க்க, வாங்க'ன்னு போடலை. நடுவுல காற்புள்ளி வைக்காதவரைக்கும் நம்ம மேல தப்பில்லை."

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

மாதிரி வீடு ஜொலித்தது. மேசையில் ஆப்பிள் இருந்தது. கணக்கர் கடித்தார். மெழுகு. சுவரில் இருந்த டிவி வெறும் அட்டை. அலமாரியில் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான்.

"இந்த வீடு ஒரு மாதிரி இருக்குங்க," என்று கிசுகிசுத்தாள் மனைவி.

"மாதிரி வீடுன்னா ஒரு மாதிரிதான் இருக்கும். ஜூஸ் அசல். குடி."

வீட்டைச் சுற்றிக் காட்டிய விற்பனைப் பெண் பளிச்சென்று சிரித்தாள். "சார், வீட்டுல உங்களுக்கு எது முக்கியம்? ஹாலா, பால்கனியா?"

அசல் வாங்குகிறவர் போல ஏதாவது சொல்லியாக வேண்டுமே! கணக்கர் தொண்டையைச் செருமினார்.

"சமையலறைதாம்மா. பாத்திரம் தேய்க்கிறது, காய் நறுக்கறது எல்லாம் நம்ம வேலை. இவளை ஒரு கரண்டி தொட விடமாட்டேன்."

யாரோ முன்பின் தெரியாத ஆளோடு காரில் வந்துவிட்டோமோ என்பது போல மனைவி அவரைப் பார்த்தாள். வீட்டில் டம்ளர் இருக்கும் இடம்கூட அவருக்குத் தெரியாது. டம்ளர்தான் அவர் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு வரும்.

"அடடா! அக்கா, குடுத்து வச்சவங்க நீங்க!" என்றாள் விற்பனைப் பெண்.

அக்கா அதைக் கேட்கவில்லை. படுக்கையறைக் கதவருகே போய்விட்டிருந்தாள். உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். போட்டாள், டக். எடுத்தாள், டக். மறுபடி போட்டாள். விற்பனைப் பெண் பக்கத்தில் போய் ஏதோ கேட்டாள். இருவரும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார்கள். பிறகு இருவரும் கணக்கரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பால்கனியில் மூன்றாவது ஜூஸோடு நின்றிருந்த கணக்கர், 'பரவாயில்லை, இவளுக்கும் நடிக்க வருகிறது' என்று பூரித்துப் போனார்.

அடுத்த சில நாளில் அவர் அலுவலகத்திலிருந்து வந்தபோது கதவில் தச்சர் ஒருவர் துளை போட்டுக்கொண்டிருந்தார். கணக்கருக்கு நெஞ்சிலேயே துளை விழுந்தது.

"யாரைக் கேட்டு? யார் காசு?"

"ஒரு காசும் இல்லைங்க," என்றாள் மனைவி. "அந்த மாதிரி வீட்டுப் பொண்ணு அனுப்பி வச்சுது."

"சும்மாவா?"

"நீங்க காட்டின வழிதானே."

கணக்கர் மகிழ்ந்து போனார். தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். அசல் பித்தளை. இவளைத் தயார் செய்துவிட்டோம்! மறுநாள் தலைமை அலுவலகம் முழுவதும் இதே பேச்சு. "நகரத்துல வாழறது ஒரு கலை சார். என் வீட்டுல இப்போ ரெண்டு கலைஞர்கள்."

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"நாம எங்கேயும் சொல்லி வைக்கலையே?" என்றார் கணக்கர், படுத்தபடியே.

"உங்களுக்குத்தாங்க." மனைவி தேய்த்த சட்டையை நீட்டினாள். "அந்தப் பொண்ணுகிட்ட நான் உண்மையைச் சொல்லிட்டேன். வாங்க மாட்டோம், சும்மாதான் வந்தோம்னு."

"அய்யய்யோ! என்ன சொன்னா?"

"'ரெண்டாவது ஜூஸ்லயே தெரிஞ்சுதுக்கா'ன்னு சிரிச்சுது. ஆள் புழங்காத வீட்டைக் காட்டினா யாருக்கும் மனசு ஒட்ட மாட்டேங்குதாம். ஒரு குடும்பஸ்தர் சமையலறையில நின்னு பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தா, பார்க்க வர்ற பொம்பளைங்க அங்கேயே முன்பணம் கட்டிடுவாங்களாம்."

"அதுக்கு?"

"தாழ்ப்பாளுக்குப் பதிலா, நாம ஊர் திரும்பற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க வருவீங்கன்னு ஒத்துக்கிட்டேன்."

"நானா? பாத்திரமா?"

"சமையலறைதான் முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க? நான் ஒண்ணும் சேர்த்துச் சொல்லலை."

"முடியாது! நான் யாரு தெரியுமா? தலைமை அலுவலகத்துல..."

"தெரியும். போய்ட்டு வர ஏசி கார். ஜூஸ் எவ்வளவு வேணாலும்."

"முடியாதுன்னா முடியாது!" கணக்கர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். கீழே ஹாரன் மறுபடி அடித்தது.

மனைவி வற்புறுத்தவில்லை. "சரி, விடுங்க. அந்தத் தாழ்ப்பாள் சரியாப் பிடிக்குதான்னாவது பார்த்துக் குடுங்க. நான் உள்ளே போட்டுக்கறேன், நீங்க வெளியே நின்னு பலமாத் தள்ளணும். இப்பவே பார்த்துட்டா நல்லது. அப்புறம்னா கார்பென்டர் காசு கேட்பார்."

காசு என்றதும் போர்வை விலகியது. கணக்கர் எழுந்தார். சட்டையைக் கையில் கொடுத்தாள். வெளியே போவதால் போட்டுக்கொண்டார். மாடிப்படியில் நின்று கதவைச் சாத்திக்கொண்டு, தோளைக் கொடுத்தார்.

"தள்ளட்டுமா?"

"இருங்க, குழந்தை கையை எடுத்துக்கறேன்."

படியேறி மூச்சிரைக்க வந்து நின்றார் கார் ஓட்டுநர். "சார், மாதிரிக் கணவர்னு சொன்னாங்க. அது நீங்களா?"

இல்லை என்று சொல்லக் கணக்கர் வாயெடுத்தார்.

"அவரேதாங்க!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். டக்கென்று தாழ் விழுந்தது.