மூன்றாவது ‘வேண்டாம்’

சூ நாட்டுத் தலைநகர் யிங்கில், முதன்மை அமைச்சர் அலுவலகத்தில் மடல்களைப் பிரித்து அடுக்கும் பொறுப்பிலிருக்கும் என் பெரியப்பா மகன், மதிப்பிற்குரிய பெரியண்ணன் காவ் லு அவர்களின் சமூகத்துக்கு, நாணல்துறை ஊரிலிருந்து தம்பி காவ் ஷென் இரண்டு முறை தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கு நான் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். உண்மையில் இரண்டு மாதமாக எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடிதம் எழுதிய மூங்கில் பட்டைக் கட்டு இவ்வளவு கனமா என்று தூக்கி வந்தவன் முணுமுணுத்தால் அவனுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றிச் சமாதானப்படுத்துங்கள். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

எல்லாம் உங்களால் வந்தது. மன்னிக்கவும், என்னால் வந்தது. போன அறுவடைக் கடிதத்தில் மாப்பிள்ளை மெங்கைப் பற்றி நான் ஒரு வரி எழுதியிருந்தேனே, ‘வைக்கோல் செருப்பு பின்னுவதைத் தவிர வேறு எதிலும் ஆசை கிடையாது, நாட்டையே தூக்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்’ என்று. அது பெருமை இல்லை அண்ணா, சுத்தமான புலம்பல். அதை நீங்கள் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் வாசித்துக் காட்ட, அது காதுமாறிக் காதுமாறி அரசர் வரைக்கும் போய்விட்டது. ஆசைப்பட்டு வருகிறவன் எல்லாம் சுருட்டுகிறான், ஆசையே இல்லாதவனைப் பிடித்து அதிகாரப் பாயில் உட்கார வைத்தால் என்ன என்று அரசருக்கு யோசனை வந்துவிட்டதாம். இங்கே வட்ட அதிகாரி இடமும் நாலு மாதமாகக் காலி. உடனே தூதர் லுவோ தேர் ஏறிவிட்டார்.

தேர் எங்கள் வீட்டுக்கு முன்னால் சேற்றில் புதைந்தபோது மாப்பிள்ளை முழங்காலளவு குட்டையில் நின்று வைக்கோலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். தூதர் தேரிலிருந்து இறங்க வழியில்லாமல் அங்கிருந்தபடியே ஆணையை வாசித்தார். அரக்குப் பெட்டியில் வெண்கல முத்திரை, இரண்டு சுருள் பட்டு, வட்ட அதிகாரிப் பதவி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை கையை உதறிக்கொண்டு, “வேணாங்க” என்றார். அவ்வளவுதான். வந்து தேரைத் தள்ளிவிட்டார்.

தூதர் கோபப்படுவார் என்று நான் மன்னிப்புக் கேட்கக் குனிய, அவரோ முகமெல்லாம் மலர்ந்து ஒரு விரலை மடக்கினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நம் முறைதான் உங்களுக்குத் தெரியுமே. அரசர் கொடுப்பதை முதல் தடவை மறுப்பது மரியாதை, இரண்டாவது தடவை மறுப்பது பெரிய மரியாதை, மூன்றாவது தடவை மறுப்பது பரம மரியாதை. அதோடு அங்கியைத் தோளில் போர்த்தி முத்திரையை இடுப்பில் கட்டிவிடுவார்கள். நம் சின்ன மாமா வடக்கே கல்யாணத்துக்குப் போய் ஆட்டிறைச்சியை ஒரு தடவை ‘வேண்டாம்’ என்று சொல்ல, அந்த முறை கெட்டவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, பாவம் அவர் பட்டினியாகத் திரும்பினாரே, மறக்க முடியுமா?

இதை என் மகள் ரோங்கிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள்.

“அப்பா, அவரு வேணாம்னா வேணாம்னுதான் அர்த்தம்.”

“அடியே, வேணாம்னா வேணாம்னு எந்த ஊர்லடி அர்த்தம்? நீகூடத்தான் கல்யாணம் வேணாம்னு மூணு தடவ சொன்னே. பண்ணி வைக்கலியா?”

“நான் நெஜமாத்தான் சொன்னேன். அப்புறம்தான் இவரைப் பாத்தேன்” என்கிறாள்.

பதினைந்து நாள் கழித்துத் தூதர் மறுபடி வந்தார். இந்தத் தடவை தேரை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார், விவரமானவர். ஒரு வட்டம் இல்லை, நாலு வட்டத்துக்குத் தலைமை என்றார். வீட்டுக்குள் உட்காரவைத்துத் தாமரைக்கிழங்கு கொடுத்தோம். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தவர், “இதென்ன, செருப்பெல்லாம் ஒற்றை ஒற்றையாகத் தொங்குகிறதே?” என்று கேட்டுத் தொலைத்தார். சுவரில் மர முளைகள் அடித்து, முளைக்கு ஒரு செருப்பாகப் பதினோரு செருப்பு தொங்குகிறது அண்ணா. நானே எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், வைக்கோல் செருப்புக்கு இடது ஏது, வலது ஏது, இரண்டைச் சேர்த்தால் ஒரு ஜோடி, விற்றுவிடுங்கள் என்று. ‘இதுக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்க மாமா’ என்பார். 

தூதரிடமும் அதையே சொன்னார். “இந்த ஊர்ல பதினோரு பேருக்கு ஒத்தச் செருப்பு போதுங்க. நான் ஜோடியாத்தான் பின்னுறேன். மிஞ்சுறத மாட்டி வச்சிருக்கேன். அரசாங்கச் சதுப்புல நாணல் அறுத்ததுக்கு ஒருத்தரு, மீன் புடிச்சதுக்கு மூணு பேரு. ஹெங் அண்ணனுக்கு எதுக்காகக் கால எடுத்தாங்கன்னு அவருக்கே இன்னும் தெரியாது.”

தூதர் கிழங்கைக் கீழே வைத்துவிட்டார். “உங்களைப் போல ஒரு நல்லவர் அந்தப் பாயில் உட்கார்ந்தால் இப்படியெல்லாம் நடக்குமா?”

“அதுதாங்க எனக்குப் பயமே. சட்டம் அதே சட்டம்தான், கத்தியும் அதே கத்திதான். கெட்டவன் வெட்டினா ஊரு திட்டும். நல்லவன் வெட்டினா, ‘அவரே வெட்டுறாருன்னா இவன் மேல ஏதோ தப்பு இருக்கும்’னு ஊரு சொல்லிடும். எனக்கு வேணாங்க.”

அரசரின் தூதர் முன்னால் பேசுகிற பேச்சா இது? ஆனால் தூதர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆகா, எப்பேர்ப்பட்ட மறுப்பு! இவரை விடவே கூடாது” என்று இரண்டாவது விரலை மடக்கினார். அடுத்த தடவை அமைச்சர் பதவியோடு வருகிறேன், எப்படியும் வாங்கிக்கொள்ளத்தானே போகிறார் என்று முத்திரைப் பெட்டியை எங்கள் பரண் மேலேயே வைத்துவிட்டுப் போனார். இப்போது அமைச்சர் பதவி ஆணையோடு திரும்பி வந்து படகுத்துறை விடுதியில் தங்கியிருக்கிறார். நாளைக் காலை மூன்றாவது விரல்.

எனக்குக் குழப்பமே இங்கேதான் அண்ணா. மாப்பிள்ளை நிஜமாகத்தான் மறுக்கிறாரா, இல்லை மகா கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசுகிறாரா? முதல் ‘வேண்டாம்’ சொன்னார், ஒரு வட்டம் நாலு வட்டமாயிற்று. இரண்டாவது ‘வேண்டாம்’ சொன்னார், நாலு வட்டம் அமைச்சர் ஆயிற்று. நான் ஆயுசு பூராவும் எல்லாவற்றுக்கும் ‘சரிங்க, சரிங்க’ என்றே சொல்லி, முப்பத்தோரு வருஷம் நகர வாசலில் போகிறவன் வருகிறவன் பெயரை எழுதிவிட்டு, வாசல் எழுத்தனாகவே ஓய்வு பெற்றேன். இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இதற்கிடையில் ஊர் மாறிவிட்டது. மாப்பிள்ளையைப் பார்க்க முடியாதவர்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள். ஒருவர் வாத்து, ஒருவர் ஜாடி நிறைய அரிசிக் கள், குட்டைக்கரை குன் இரண்டு கொழுத்த கெண்டை. ரோங் இஞ்சி தட்டிப் போட்டு வேகவைத்தாள், நாக்கிலேயே நிற்கிறது. வழக்கையெல்லாம் என்னிடமே கொண்டுவந்தார்கள். ‘நான் யாருப்பா, வெறும் மாமனார்’ என்று மறுத்தேன். ‘பெரியவர் எவ்வளவு அடக்கம்!’ என்றார்கள். மறுபடி மறுத்தேன். மறுபடியும் கும்பிட்டார்கள். மூன்றாவது தடவை மறுத்த பிறகும் உட்காராவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று சீமைப்பனிச்சை மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தேன். வாத்து வழக்கு ஒன்று, வரப்பு வழக்கு ஒன்று, இரண்டும் தேவலை. நேற்று வட்டக் காவலர்கள் குன்னைக் கட்டி இழுத்து வந்தார்கள். அரசாங்கச் சதுப்பில் வலை போட்டு ஆறு கெண்டை பிடித்தானாம். அதிகாரி வீட்டு வார்த்தை வேண்டும் என்றார்கள். நான் மோவாயைத் தடவிக்கொண்டு, “சட்டப்படி நடக்கட்டும்” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலே கனத்துவிட்டது அண்ணா! முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் வாயில் கேட்ட வார்த்தை, என் வாயிலிருந்து முதல் தடவையாக வருகிறது. காவலர்கள் குனிந்து வணங்கி அவனைக் கொட்டடிக்குக் கூட்டிப்போனார்கள். குன் மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். எதற்கென்று தெரியவில்லை.

ஆகவே அண்ணா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நாளை மாப்பிள்ளை என்ன உளறினாலும் அதை மூன்றாவது மரியாதையாகவே எழுதிக்கொள்ளும்படி மேலிடத்தில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். மகள் மூடுதேரில் போவதைப் பார்க்காமல் நான் கண்ணை மூடக் கூடாது. யிங்கில் கிழக்கு வாசல் பக்கம் பெரிய வாசல் வைத்த வீடாக ஒன்று பார்த்து வையுங்கள். வாசலில் பெயர் எழுத ஆள் வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் அரிசிப்பானை குறையாமல், அண்ணிக்கு இருமல் வராமல், உங்கள் முழங்கால் இன்னும் இருபது வருஷம் மடங்கி நிமிர, மண்தெய்வத்தை வேண்டிக்கொண்டு, மறுபடியும் இரண்டு முறை தலை தாழ்த்தும்,
தம்பி காவ் ஷென்.

பின்குறிப்பு: அண்ணா, மேலே எழுதிய எல்லாவற்றையும் அவிழ்த்து அடுப்பில் வையுங்கள். வீடும் பார்க்க வேண்டாம், வார்த்தையும் போட வேண்டாம்.

இந்தக் கட்டைக் கட்டக் கயிறு வாங்க மாப்பிள்ளையிடம் போனேன். அவர் சுவரில் புதிதாக ஒரு முளை அடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது முளை. அதில் ஒரு செருப்பை மாட்டினார். “யாரோடது மாப்பிள்ளை?” என்றேன். “குன்னோடது மாமா. மத்தியானத்துக்கு மேல ஒண்ணு மிஞ்சும்” என்றார். என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. முப்பத்தோரு வருஷம் வாசலில் உட்கார்ந்தவன், அந்த வார்த்தைக்குப் பிறகு எத்தனை பேர் நொண்டிக்கொண்டு வெளியே போனார்கள் என்று பெயர் பெயராக எழுதியவன் நான். அந்த ஆறு கெண்டையில் இரண்டு என் வயிற்றில் இருக்கிறது, அண்ணா. அதற்குத்தான் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கொட்டடியில் கட்டை, கத்தி எல்லாம் தயார். “வேண்டாம், அவனை விட்டுடுங்க!” என்று கத்தினேன். காவலர் தலைவன் பணிவாக வணங்கி, “சட்டம் இடம் கொடுக்காதுங்க” என்று சொல்லி ஒரு விரலை மடக்கினான். “டேய், நெஜமாத்தான்டா சொல்றேன், விடுங்கடா!” என்றேன். “சட்டம் இடம் கொடுக்காதுங்க.” இரண்டாவது விரல். “என்னடா எண்ணிக்கிட்டு இருக்கே?” என்று அலறினேன். “பெரியவங்க மூணு தடவ விடச் சொல்லணும், நாங்க மூணு தடவ முடியாதுன்னு சொல்லணும், அப்புறம் வேலைய ஆரம்பிக்கணும். அதானேங்க முறை?” என்கிறான், பாவி. மூன்றாவது தடவை வாயைத் திறந்தால் குன்னின் கால் போய்விடும். திறக்காவிட்டாலும் போய்விடும். வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, என் வலது காலைத் தூக்கிக் கட்டை மேல் வைத்துவிட்டேன்.

வாதக் கால் அது. வைத்த பிறகு இறங்க மாட்டேன் என்றது. காவலர்கள் திருதிருவென்று விழித்தார்கள். “ஐயா, இதுக்கு என்ன முறைன்னு எங்களுக்குச் சொல்லித்தரலியே” என்றான் தலைவன். முறை தெரியாத வேலையை அவர்கள் தொட மாட்டார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குன்னின் கயிற்றை அவிழ்த்தார்கள். குன்தான் என்னைக் கட்டையிலிருந்து இறக்கிவிட்டான், இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்று. நான் குழந்தை மாதிரி அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது.

சத்தம் கேட்டு விடுதியிலிருந்து ஓடிவந்த தூதர் லுவோவுக்கும் கண்ணீர். “மாமனாரே இப்படியென்றால்! மருமகன் அமைச்சர், மாமனார் வட்ட அதிகாரி!” என்று என் கையைப் பிடித்தார். “வேண்டாம்” என்றேன். என் ஆயுளில் நிஜமாகச் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. அவர் ஒரு விரலை மடக்கினார்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் கேட்டேன், இந்த ஜனங்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது என்று. “வாயால சொன்னா எண்ணுவாங்க மாமா. காலால சொல்லணும்” என்றார். எனக்கு ஒரு ஜோடி செருப்பை எடுத்து வைத்தார். ரோங் அரிசிப்பானையைத் துணியில் கட்டிவிட்டாள். பொழுது சாயுமுன் படகுத்துறையைத் தாண்டிவிடுவோம். எந்தப் பக்கம் என்று எழுத மாட்டேன், நீங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கிறவர்.

பதினோரு செருப்பையும் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரிலேயே விட்டுவிட்டோம். குன் வந்து தன்னுடையதை ஜோடி சேர்த்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். பன்னிரண்டாவது முளை காலியாக இருந்தது. நாளைக் காலை தூதர் தேட வேண்டாமே என்று முத்திரையை அதில் மாட்டியிருக்கிறோம்.